ஆடற்கலையும் ஆய்வேடும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திங்கள் தவறாமல் கூடுவது, கூடிய அவையில் ஒருவர் பாட மற்றவர் கேட்பது, கேட்டபின் குறையும் நிறையும் சொல்லிப் பிரிவது என்று பத்தாண்டுகளை ஓர் இலக்கிய வட்டம் கடப்பது எளிய செயலன்று. அதற்காக முதற்கண் என் பாராட்டுகளைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இந்நன்னாளில் எனக்களிக்கப்பட்ட பொருள், ஆடற்கலையின் அறிவியலிலும் கல்வியிலும் முதுகலை ஆய்வேடு எழுதுதல் பற்றியது. கவிஞர்கள் நிறைந்த அவையில் ஆடலைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். இளங்கோவடிகளின் அரங்கேற்று காதையை ஒருமுறை நினைவிற்கொண்டால் அவ்வெண்ணம் அகன்றுவிடும். மாதவி என்னும் ஒரு பெண்ணை ஆடல்மகளாக உருவாக்குவதற்கு ஆறு ஆசிரியர்களின் தகுதியை அடிகள் வகுத்துரைக்கிறார். ஆடலாசிரியன், இசையாசிரியன், அவர்களை அடுத்து மூன்றாமவனாகத் தமிழ்ப்புலவன், பின்னர்த் தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என அவர்கள் நிற்கின்றனர். ஆடற்கல்வியில் கவிஞனுக்கு இடமுண்டு என்பதன்று செய்தி. தண்ணுமைக்கும் குழலுக்கும் யாழுக்கும் முன்னதாக அவனுக்கு இடமுண்டு என்பதே செய்தி. ஆகவே நான் அயலார் அவையில் பேசவில்லை. மூன்றாம் ஆசிரியர்களின் அவையில் பேசுகிறேன்.

துறையும் அதன் வினாக்களும்

ஆடல் அறிவியல் என்ற பெயர் புதியது. ஆடுவோரின் உடல் எவ்வாறு இயங்குகிறது, எங்கே நோகிறது, ஏன் நோகிறது, எவ்வாறு பயிற்றினால் நோவின்றி நெடுங்காலம் ஆடலாம் என்பவற்றை மருத்துவரும் ஆடலாசிரியரும் உளவியலாரும் ஒன்றுகூடி ஆராயும் துறை அது. இதற்கெனப் பன்னாட்டுச் சங்கம் ஒன்று 1990-இல் தோன்றியது. மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சில இதனை முதுகலைப் பாடமாகவே நடத்துகின்றன.

பெயர் புதிதேயன்றிக் கருத்து நமக்குப் புதிதன்று. சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1931-இல் பொறுப்பேற்றவர் விபுலாநந்த அடிகளார். அவர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டதாரி. சிலப்பதிகார அரங்கேற்று காதையையும் அதன் உரைகளையும் கையில் வைத்துக்கொண்டு, கணக்கியலையும் ஒலியியலையும் துணைகொண்டு, மறைந்துபோன யாழின் நரம்புகளை அளந்து காட்டியவர். அவ்வுழைப்பின் பயனாகிய ‘யாழ் நூல்’ 1947-இல் அரங்கேறியது. அறிவியல் ஒரு கையிலும் இலக்கியம் மறு கையிலும் இருந்தால் கலையாராய்ச்சி எத்துணை உயரும் என்பதற்கு அந்நூலினும் சிறந்த சான்று நமக்கு வேண்டுவதில்லை.

ஆடலைப் பற்றிய எந்த ஆய்வேடும் மூன்று வினாக்களுள் ஒன்றைத் தலைமையாகக் கொள்ளவேண்டும். உடல் என்ன செய்கிறது என்பது முதல் வினா. அது எவ்வாறு கற்பிக்கப்படுகிறது என்பது இரண்டாவது. எங்கிருந்து வந்தது, எவ்வாறு மாறியது என்பது மூன்றாவது. மூன்றையும் ஒருசேரக் கைக்கொள்ள முயலும் மாணவர் ஆறு திங்களில் ஒன்றையும் முடிப்பதில்லை.

தில்லைக் கோபுரம் தந்த ஆய்வுகள்

கடலூரிலிருந்து பேருந்தில் சிறிது நேரப் பயணம், சிதம்பரம் வந்துவிடுகிறது. நடராசர் திருக்கோயிலின் கோபுர வாயில்களில் நுழைவோர் பெரும்பாலோர் உள்ளே விரைகின்றனர். வாயிலின் இருமருங்கிலும் சுவரில் நிரல்படச் செதுக்கப்பட்டுள்ள ஆடல்மகளிரை நின்று நோக்குவோர் சிலரே. அவை பரதமுனிவரின் நாட்டிய சாத்திரம் நான்காம் அதிகாரத்தில் கூறப்பெறும் 108 கரணங்கள். கீழைக் கோபுரத்துச் சிற்பங்களுக்கு உரிய சாத்திரச் சுலோகங்கள் கிரந்த எழுத்தில் அவற்றோடு பொறிக்கப்பட்டுள்ளன. நூலும் சிற்பமும் ஒரே கல்லில் அருகருகே நிற்பது ஆய்வாளர்க்குக் கிடைத்த பெரும்பேறு.

இப்பேற்றினை மூன்று தலைமுறை ஆய்வுகள் பயன்கொண்ட வரலாறு, ஆய்வேடு எழுதப்புகும் மாணவர்க்கு ஒரு பாடநூலாகும்.

முதலாவது, கல்வெட்டுத் துறையினர் செய்தது. 1914-ஆம் ஆண்டு அறிக்கையில் சிதம்பரத்துக் கரணச் சிற்பங்களுள் 93 இனங்காணப்பட்டு வெளியிடப்பட்டன. அவர்கள் விளக்கம் கூற முற்படவில்லை. இருப்பதைப் பதிவு செய்தனர். பதிவு செய்தலும் ஆய்வே என்பதை நம் மாணவர்கள் மறந்துவிடுகின்றனர். முடிபு கூறும் ஆவலில் தரவைக் குறைத்துக்கொள்கின்றனர்.

இரண்டாவது, 1936-இல் வெளிவந்த ‘தாண்டவ லட்சணம்’ என்னும் ஆங்கில நூல். நாட்டிய சாத்திரத்தின் நான்காம் அதிகாரத்தை மொழிபெயர்த்து, சிதம்பரச் சிற்பங்களின் படங்களோடு இணைத்து வெளியிட்டனர் மூவர். அம்மூவருள் முதல்வராகிய பி. வி. நாராயணசாமி நாயுடு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியர்! பொருளாதாரம் கற்பித்தவர் ஆடல் நூலை மொழிபெயர்க்கலாமாயின், தமிழ் படித்த மாணவி தசையும் எலும்பும் பற்றி நான்கு நூல்கள் படிப்பது தகாததாகுமா? துறை கடத்தல் பற்றித் தயங்குவோர்க்கு இச்செய்தியை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

மூன்றாவது, டாக்டர் பத்மா சுப்ரமணியம் அவர்கள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அளித்து முனைவர் பட்டம் பெற்ற ஆய்வேடு. பொருள், இந்திய ஆடலிலும் சிற்பத்திலும் கரணங்கள். நெறியாளராக விளங்கியவர் தொல்லியல் அறிஞர் டி. என். ராமச்சந்திரன். ஆடுபவரே ஆய்வாளராகவும், அவர்க்கு நெறியாளர் தொல்லியலாராகவும் அமைந்த சேர்க்கையை எண்ணிப்பாருங்கள். ஆடற்கலையில் வல்லவரான மாணவிக்கு மேலும் ஓர் ஆடல் வல்லுநர் நெறியாளராகத் தேவைப்படவில்லை. தம்மிடம் இல்லாத கண் எவரிடம் இருந்ததோ அவரையே நாடினார்.

அவ்வாய்வின் உயிர்நிலை ஒரே வினாவில் இருந்தது. கரணம் என்பது நிற்கும் நிலையா, இயங்கும் இயக்கமா? அதற்கு முன்னர்ப் பலரும் கோபுரச் சிற்பங்களை நிலைகளாகவே பார்த்தனர். கல்லில் நிற்பது நிலையாகத்தானே தோன்றும்! ஆனால் கையும் காலும் இணைந்து இயங்குவதே கரணம் என்று பரதமுனிவர் இலக்கணம் வகுக்கிறார். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்கு முன் காசுமீரத்தில் வாழ்ந்த அபிநவகுப்தரின் உரையும் இதற்குத் துணைநிற்கிறது. அவ்வாறாயின் சிற்பி காட்டுவது ஓர் இயக்கத்தின் தொடக்கமோ இடையோ முடிவோ ஆகிய ஒரு கணம். ஓடும் ஆற்றில் ஒரு குடம் நீர் முகந்தது போன்றது அது.

இக்கருத்து முளைத்தவுடன் பழைய குழப்பங்கள் பல தெளிந்தன. ஒரே கரணத்திற்குத் தஞ்சையில் ஒரு தோற்றமும் சிதம்பரத்தில் வேறொரு தோற்றமும் இருப்பின், இருவருள் ஒரு சிற்பி பிழைபட்டார் என்று கொள்ள வேண்டுவதில்லை. ஒருவர் இயக்கத்தின் முற்பகுதியைப் பிடித்திருக்கலாம்; மற்றவர் பிற்பகுதியைப் பிடித்திருக்கலாம். முதற் கரணமாகிய தலபுஷ்பபுடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மலரேந்திய கைகள் இடப்பக்கம் வந்து சேர்வது அதன் இயல்பு. அக்கைகள் எங்கிருந்து புறப்பட்டன, கால் எப்போது பெயர்ந்தது, இடை எப்போது சாய்ந்தது என்பவற்றைச் சிற்பம் மட்டும் கூறாது. நூல் மட்டும் கூறாது. ஆடிப்பார்க்கும் உடலும் வேண்டும். நூல், கல், உடல் என்னும் மூன்று சான்றுகளையும் ஒன்றோடொன்று வைத்துச் சரிபார்த்தமையே அவ்வாய்வின் வலிமை.

அவர்தம் முடிபுகளை அனைவரும் ஏற்றுக்கொண்டனர் என்று நான் கூறவரவில்லை. வழிவழியாக வந்த சதிர் மரபிலிருந்தும் ஆய்வாளரிடமிருந்தும் மாற்றுக் கருத்துகள் எழுந்தன. அவர் தம் ஆடல்முறையை ‘பரதநிருத்தியம்’ என்று வேறு பெயரிட்டே வழங்கினார். பின்னர் 2003-இல் இந்தியா, இந்தோனேசியா இரண்டுக்கும் பொதுவான ஆடற்குறிகளாகக் கரணங்களை விரித்துரைக்கும் மூன்று தொகுதிகளை வெளியிட்டார். எதிர்வாதம் எழுந்தது அவ்வாய்வின் குறையன்று. எதிர்வாதம் எழும்பும் அளவுக்குத் தெளிவாக ஒரு கருத்தைக் கூறியது அதன் நிறை. எவரும் மறுக்கவியலாத வகையில் எழுதப்படும் ஆய்வேடுகள் நூலகத்தில் உறங்குகின்றன.

அளவைகளில் கவனம்

தமிழ்ச் சான்றுகளைப் பயன்படுத்துவோர்க்கு ஓர் எச்சரிக்கை. அரங்கேற்று காதையில் ஆடலரங்கின் அளவு கூறப்படுகிறது. அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல். கோல் என்பது 24 பெருவிரல் அளவுடையது. இதனை ஆய்வேட்டில் எடுத்தெழுதி, ‘பண்டைத் தமிழரின் அரங்க அறிவு வியக்கத்தக்கது’ என்று முடிப்பது எளிது. வியந்த பின்னர்ச் சற்றுக் கணக்கிடுவோம். விரல் ஒன்றை முக்கால் அங்குலமாகக் கொண்டால் கோல் 18 அங்குலம். அரங்கு பத்தரை அடி அகலமும் 12 அடி நீளமும் ஒன்றரை அடி உயரமும் ஆகும். பெருவிரலை ஓர் அங்குலமாகக் கொண்டால் கோல் இரண்டடி. அரங்கு 14 அடிக்கு 16 அடி, உயரம் இரண்டடி. முன்னதன் பரப்பு 126 சதுர அடி, பின்னதன் பரப்பு 224 சதுர அடி. ஒரு விரற்கிடையை எவ்வளவாகக் கொள்கிறோம் என்பதில் மேடை ஏறத்தாழ இருமடங்காகிவிடுகிறது! முன்னதில் சுழன்றாடுவதும் பின்னதில் சுழன்றாடுவதும் ஒன்றல்ல. தரையில் சுண்ணாம்புக்கோடு கிழித்து இரு அளவிலும் ஒரு மாணவியை ஆடச்செய்து குறித்தால், அதுவே ஓர் இயலுக்குப் போதுமான செய்தி தரும். இதற்குப் பொருட்செலவு ஒரு சுண்ணாம்புக் கட்டி.

நூற்சான்றுகளின் தகுதியையும் ஆராயவேண்டும். 1892-இல் உ. வே. சாமிநாதையர் அடியார்க்குநல்லார் உரையுடன் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்திராவிடில் நாடகத் தமிழ் பற்றி நாம் பேசுவதற்கு மிகச் சிலவே எஞ்சியிருக்கும். மறைந்த நூல்கள் பலவற்றின் பெயர்கள் அவ்வுரையால் நமக்குத் தெரிகின்றன. பெயர் மட்டும் தெரிந்த நூலைப் படித்தது போல் எழுதுவது ஆய்வன்று. அவ்வாறே ச. து. சு. யோகியார் பதிப்பால் வெளிவந்த ‘கூத்த நூல்’ பற்றி, அதன் தொன்மையை ஐயுறும் அறிஞர் உளர். அதனைப் பயன்படுத்தவே கூடாது என்று நான் கூறேன். பயன்படுத்தும் மாணவர் அவ்வையத்தையும் உடன்கூறவேண்டும். தமிழின் பெருமை ஐயத்திற்குரிய சான்றினால் உயர்வதில்லை. ஐயத்திற்கிடமற்ற சான்றுகளே அதற்குப் போதும்.

முழங்காலும் தரையும்

இனி, உடலைப் பற்றிய வினாவிற்கு வருகிறேன். பரதநாட்டியத்தின் அடிப்படை அரைமண்டி. பாதங்கள் பக்கவாட்டில் திரும்ப, முழங்கால்கள் வெளிநோக்கி மடங்க, முதுகு நிமிர்ந்து நிற்கும் நிலை. இவ்வெளித்திருப்பம் தொடை இடுப்பெலும்போடு பொருந்தும் மூட்டிலிருந்து வரவேண்டும். அம்மூட்டு எவ்வளவு திரும்பும் என்பது ஆளுக்காள் வேறுபடும். எலும்பின் அமைப்பே அதற்கு எல்லை வகுக்கிறது. இடுப்பில் திரும்பாததைப் பாதத்தை மட்டும் வலிந்து திருப்பி ஈடுசெய்தால், அம்முறுக்கு முழங்காலிலும் கணுக்காலிலும் போய் விழுகிறது. முழங்கால் மடங்கி நிமிர்வதற்கு அமைந்தது, முறுக்கப்படுவதற்கு அமைந்ததன்று. முழங்கால் பாதவிரல்களின் திசையிலேயே மடங்குகிறதா என்று பார்ப்பது ஆசிரியர்க்குரிய முதற் கடமை.

அடுத்தது தரை. வெறுங்காலால் தட்டி ஆடும் கலை நம்முடையது. தட்டும் விசையைத் தரை வாங்கிக்கொள்ளாவிடில் கால் வாங்கிக்கொள்ளும். சிமெந்துத் தரையும் பளிங்குத் தரையும் சற்றும் நெகிழா. அடியில் இடைவெளி விட்டு அமைத்த மரத்தளம் நெகிழும். நம் ஊர்களில் ஆடல் வகுப்புகள் வீட்டுக் கூடத்திலும் மொட்டைமாடியிலும் திருமண மண்டபத்திலும் நடைபெறுகின்றன. மேடை அலங்காரத்திற்குச் செலவிடும் பெற்றோர் தரையைப் பற்றி எண்ணுவதில்லை. சிலப்பதிகாரமோ ஒப்பனையைக் கூறுமுன் அரங்கிற்கு நிலம் தேர்வதைக் கூறுகிறது.

கடலூர் நகரில் மட்டும் இருபது மாணவியரை எடுத்துக்கொண்டு, எவ்வகைத் தரையில், வாரத்திற்கு எத்தனை மணிநேரம், எந்த அகவை முதல் ஆடுகின்றனர், எங்கே நோகிறது என்று முறையாகக் கேட்டுக் குறித்தால் அது முதுகலைக்கு ஏற்ற ஆய்வேடாகும். இருபது பேரிடம் கண்டதை நாட்டுக்கே உரிய முடிபாகக் கூறாதிருத்தல் வேண்டும். சிறுமியராயின் பெற்றோரின் எழுத்து இசைவும், அதனினும் இன்றியமையாததாக அச்சிறுமியின் மனவிசைவும் வேண்டும். அளவெடுக்கும்போது அவள் தாயோ ஆசிரியையோ உடனிருத்தல் வேண்டும். வேண்டாம் என்று அவள் சொன்னால் அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும்.

இங்கேதான் கவிஞர்களாகிய உங்கள் துணை தேவைப்படுகிறது. நோவினை அளக்கும் வினாநிரல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் ஆனவை. அவற்றை மாணவர்கள் அப்படியே பெயர்த்து, ‘வலி உண்டா, இல்லையா, மிகுதியா, குறைவா’ என்று கேட்கின்றனர். நம் பெண்களோ அவ்வாறு பேசுவதில்லை. குத்துகிறது, குடைகிறது, கடுக்கிறது, இழுக்கிறது, பிடித்துக்கொள்கிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது, மரத்துப்போகிறது, அசதியாக இருக்கிறது என்கின்றனர். ஒவ்வொரு சொல்லும் வெவ்வேறு நோவைச் சுட்டுகிறது. குடைவது எலும்பின் பக்கம். இழுப்பது தசையின் பக்கம். மரத்துப்போவது நரம்பின் பக்கம் என்று வழக்கே ஒருவாறு பகுத்து வைத்துள்ளது. அது சரிதானா என்று மருத்துவர் பார்க்கட்டும். ஆனால் அச்சொற்களைக் கேட்கும் காது ஆய்வாளர்க்கு முதலில் இருக்கவேண்டும். ‘வலி உண்டு’ என்ற ஒரே கட்டத்தில் எட்டு நோவுகளையும் அடைத்துவிட்டுக் கணிப்பொறியில் கூட்டிப் பெருக்கிப் பயன் என்ன?

பெயர் எழுதப்படாதவர்கள்

இப்பொருளில் என் நெஞ்சை உறுத்தும் ஒன்றை இவ்வவையில் கூறியாக வேண்டும். நான் அறிந்த மாணவி ஒருத்தி, அடவுகளின் சொற்கட்டுகளைப் பற்றி முதுகலை ஆய்வேடு எழுதினாள். அவளுக்கு அச்சொற்கட்டுகளைக் கற்றுக்கொடுத்தவர் எழுத்தறியாத முதிய பெண்மணி. கோயில் ஆடலை வழிவழியாகக் காத்த குடும்பத்தவர். எந்த நூலிலும் காணப்படாத கோவைகள் சில அவர் நினைவில் இருந்தன. ஆய்வேட்டின் மூன்றாம் இயல் முழுவதும் அவர் வாய்மொழியே. அது மதிப்பீட்டிற்குச் சென்றபோது, ‘அச்சிட்ட ஆதாரம் காட்டுக’ என்ற குறிப்போடு திரும்பியது. காலம் குறுகியிருந்தது. மாணவி கடைத்தெருவில் கிடைத்த ஒரு கையேட்டை ஆதாரமாகக் காட்டி, அதில் இல்லாதவற்றை நீக்கிவிட்டு ஏட்டினை அளித்தாள். பட்டம் கிடைத்தது. நீக்கப்பட்டவை, அந்த அம்மையாரிடமிருந்து வேறெங்கும் எழுதப்படாதவை.

இது தனியொருவர் குறையன்று. நீண்ட வரலாற்றின் தொடர்ச்சி. கோயில்களுக்குப் பெண்களை நேர்ந்துவிடும் வழக்கத்தை 1947-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. தடுக்கப்படவேண்டிய கொடுமை தடுக்கப்பட்டது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆனால் கொடுமை நீங்கிய வழியிலேயே அப்பெண்களின் கலையறிவும் அவர்கள் பெயரினின்று நீங்கிற்று. கலை மேடையேறியது. கற்பித்தவர் பெயர் பின்னடுக்கில் நின்றது. இன்று ஆய்வேடு எழுதுவோர் அவர்களைத் ‘தகவலாளர்’ என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடுகின்றனர். நூலெழுதியவர் ஆசிரியர், வாயால் சொன்னவர் தகவலாளர்! தொல்காப்பியர் காலந்தொட்டு ‘என்ப’, ‘என்மனார் புலவர்’ என்று பிறர் சொல்லைச் சொன்னவர்க்கே உரிமையாக்கி வந்த மொழி நம் மொழி.

ஆகவே மூன்று நெறிகளை என் மாணவர்க்கு வலியுறுத்துகிறேன். வாய்மொழியாகக் கற்பித்தவரை, அவர் இசைந்தால், ஆசிரியர் என்றே பெயரிட்டுக் குறிக்கவேண்டும். கேட்ட நாள், இடம், சூழல் ஆகியவற்றைக் குறித்து ஒலிப்பதிவின் படி ஒன்றை அவரிடமே தரவேண்டும். எழுதியதை அவருக்குப் படித்துக்காட்டி, வேண்டாம் என்று அவர் கூறுவதை நீக்கவேண்டும். நீக்கும் உரிமை அவருடையது, மதிப்பிடுவோருடையதன்று.

செய்யத்தக்க பொருள்கள்

ஆய்வியல் நிறைஞர் பட்டப்படிப்பைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-ஆம் ஆண்டு விதிகளின்வழி நிறுத்திவிட்டது. முனைவர் பட்ட ஆய்விற்கு முன்னே கைபழகுவதற்கு இருந்த ஒரு படிக்கட்டு போயிற்று. ஆதலின் முதுகலை ஆய்வேட்டினைச் சடங்காகக் கருதாது, அங்கேயே ஆய்வு நெறியைப் பயிலவேண்டிய நிலை வந்துள்ளது. பொருளைத் தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தென்னார்க்காட்டிலிருந்து 1993-இல் பிரிந்தமைந்த நம் மாவட்டத்திற்குள்ளேயே செய்யத்தக்கவை சில கூறுகிறேன்.

ஒன்று, விருத்தாசலம் திருக்கோயில் கோபுரத்துக் கரணச் சிற்பங்களைச் சிதம்பரத்துச் சிற்பங்களோடு ஒப்பிடுதல். நூற்றெட்டையும் எடுக்கவேண்டா, பத்தினை எடுத்து நுணுகி நோக்கினாற் போதும். தஞ்சைப் பெரியகோயிலில் 81 கரணங்கள் முற்றுப்பெற, எஞ்சிய 27 கற்கள் செதுக்கப்படாமலே நிற்கின்றன. பெருவேந்தன் கோயிலிலேயே பணி முற்றுப்பெறவில்லையெனில் முதுகலை மாணவர் பத்தோடு நிற்பதில் இழுக்கில்லை.

இரண்டு, அரங்கேற்று காதை கூறும் ஆறு ஆசிரியர்களின் தகுதிகளை இன்றைய ஆடற்பட்டப் பாடத்திட்டத்தோடு வைத்துப் பார்த்தல். மாதவி ஐந்தாம் அகவையில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டில் அரங்கேறினாள். இன்று எத்தனை ஆண்டு, எத்தனை ஆசிரியர், மூன்றாம் ஆசிரியனாகிய தமிழ்ப்புலவன் எங்கே போனான் என்று வினவுதல்.

மூன்று, தெருக்கூத்தில் பயிற்சி நிகழும் முறை. எழுதிய பாடத்திட்டம் இல்லை, தேர்வில்லை. ஆயினும் கட்டை கட்டி, முடி சூடி, விடியவிடிய ஆடவல்ல கலைஞர் உருவாகின்றனர். அம்மர அணிகலன்களின் எடை எவ்வளவு, அதனைச் சுமந்து கிறுகி ஆடும் முழங்கால் என்னாகிறது என்று கேட்ட ஆய்வேட்டினை நான் இன்னும் காணவில்லை.

நான்கு, கலைச்சொல் ஆய்வு. ‘கரணம்’ என்ற ஒரு சொல்லே போதும். தொல்காப்பியத்தில் அது திருமணச் சடங்கு. ஆடல்நூலில் கைகால் இயக்கம். தெருவில் சிறுவர்கள் போடுவதோ குட்டிக்கரணம். ஒரு சொல்லின் இப்பயணத்தைத் தொடர்ந்து செல்வது தமிழ் மாணவர்க்கே இயலும்.

வட்டத்திற்கு ஒரு வேண்டுகோள்

நிறைவாக, இவ்வட்டத்தின் முன் இரு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஆடுவோரும் ஆட்டுவிப்போரும் உடலைப் பற்றியும் அசைவைப் பற்றியும் நோவைப் பற்றியும் வழங்கும் தமிழ்ச்சொற்களைத் தொகுத்து ஒரு சிறு அகராதியை, பதினோராம் ஆண்டின் பணியாக, நீங்கள் ஏற்கவேண்டும். இதற்கு முனைவர் பட்டம் வேண்டுவதில்லை. கேட்கும் காதும் சொல்லின் சுவையறியும் நாவும் வேண்டும். அவ்விரண்டும் உங்களிடம் உண்டு.

மற்றொன்று, ஆடலில் ஆய்வேடு எழுதும் மாணவர் எவராயினும் ஆண்டுக்கொருமுறை இம்மேடையில் தம் ஆய்வைச் சொல்லியும் ஆடியும் காட்ட இடந்தரவேண்டும். அவர்க்குக் கற்பித்த முதியவர்களை முன்வரிசையில் அமரச்செய்யவேண்டும். அச்சேறாத காரணத்தால் ஒரு கலையறிவு ஏட்டிலிருந்து நீக்கப்படும் நிலை வரின், அதனை உங்கள் ஆண்டுமலரில் அச்சிடுங்கள். பின்னர் வரும் மாணவி ‘அச்சிட்ட ஆதாரம்’ என்று உங்கள் மலரையே காட்டட்டும். ஓர் இலக்கிய வட்டம் ஆய்வுலகிற்குச் செய்யக்கூடிய தொண்டு இதனினும் பெரிதொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கீழைக் கோபுரத்தில் சிற்பத்தோடு நூலையும் பொறித்து வைத்தவர் எவரோ, பின்வருவோர் ஐயமின்றி அறியவேண்டும் என்று எண்ணியே அதனைச் செய்திருத்தல் வேண்டும். அவ்வெண்ணம் நம்மிடமும் இருக்குமாயின் இவ்வட்டம் இன்னும் பல பத்தாண்டுகள் பயனுடன் விளங்கும்.